நீலகிரியில் அச்சேறாத எழுத்தாளர்களுக்கு ஒரு கையெழுத்துப் பிரதிப் பரிசு: விதிகளை எப்படி வகுப்பது?

மலைவாசகர் (கேள்வி)

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இயங்கும் சிறு வாசகர் வட்டம் எங்களுடையது. இதுவரை ஒரு புத்தகம்கூட வெளிவராத நீலகிரிக்காரர்களுக்கு ஒரு கையெழுத்துப் பிரதிப் பரிசு தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பழங்குடியினர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்தினர், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் ஆகியோரைத்தான் முதன்மையாக நினைக்கிறோம். இங்கிலாந்தில் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களின் அச்சேறாத படைப்புகளுக்கென்றே பரிசுகள் இருப்பதைப் படித்ததில் வந்த எண்ணம் இது.

கையில் இருப்பது 1,50,000 ரூபாய். வாசிக்க 8 பேர் தயார். 80 பிரதிகள் வரை வரலாம் என்று எதிர்பார்க்கிறோம். முழுத் தொகையையும் பரிசாகக் கொடுத்துவிடலாமா? சாதிச் சான்றிதழ் கேட்க வேண்டுமா? முகநூலில் எழுதியதை அச்சேறியதாகக் கொள்வதா? படுக மொழியிலோ இருள மொழியிலோ பிரதி வந்தால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கு

முதலில் பணம். முழுத் தொகையையும் பரிசாகக் கொடுக்க வேண்டாம். அச்சேறாத எழுத்தாளருக்கான பரிசு, வந்த புத்தகத்துக்குக் கொடுக்கும் பரிசு போன்றது அல்ல. மேடையில் பொன்னாடை போர்த்திய மறுநாளும் அந்தப் பிரதி பிரதியாகத்தான் இருக்கும். அதைப் புத்தகமாக்கும் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

நீங்கள் குறிப்பிடும் இங்கிலாந்துப் பரிசுகளில் எஸ்.ஐ. லீட்ஸ் இலக்கியப் பரிசைப் பாருங்கள். பிரிட்டனில் வாழும் கறுப்பின, ஆசியப் பெண்களின் அச்சேறாத புனைவுக்காக 2012-இல் தொடங்கியது. முதல் பரிசு பெற்ற மினோலி சல்காதோவின் நாவல் 2014-இல்தான் புத்தகமானது. 2014-இல் வென்ற மஹ்சூதா ஸ்னைத்தின் நாவல் வர 2017 ஆகிவிட்டது. பரிசுக்கும் புத்தகத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் எழுத்தாளரைக் கைவிடாமல் இருப்பதற்குத்தான் உங்கள் பணம் வேண்டும்.

1,50,000-ஐ இப்படிப் பிரிக்கலாம். முதல் பரிசு 40,000, அடுத்த இரண்டுக்கும் தலா 10,000. வென்ற பிரதியைச் செம்மையாக்குபவருக்கு 25,000. குறும்பட்டியலில் வரும் ஆறு பேருக்கு இரண்டு நாள் பட்டறை, பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்த்து 20,000. கையால் எழுதி வந்தவற்றைத் தட்டச்சு செய்ய 15,000. மிச்சம் 30,000-இல் அச்சு. 300 பிரதிகள் அதற்குள் அடங்காவிட்டால் 200 ஆகக் குறையுங்கள், எழுத்தைப் பொடியாக்கிப் பக்கத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கூலி இழப்பைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பட்டறைக்கு வந்தால் ஒரு நாள் பேர் (அன்றைய கூலிக் கணக்கு) போய்விடும் என்பதற்காகவே வராமல் இருப்பவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள்.

நுழைவுக் கட்டணம் 50 ரூபாய்கூட வைக்காதீர்கள்.

சாதிச் சான்றிதழ் வேண்டாம். தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடக்கச் சொல்லும் பரிசுக்கு யாரும் எழுத மாட்டார்கள். விதியை இப்படி எழுதலாம்: "நீலகிரி மாவட்டத்தில் பிறந்தவர் அல்லது குறைந்தது 5 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர், 18 வயது நிரம்பியவர், தம் பெயரில் முழு நூல் எதுவும் விற்பனைக்கு வராதவர், இம்மலையின் பழங்குடி, தாயகம் திரும்பியோர், தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ந்தவர்." அதற்குக் கீழே ஐந்து வரியில் தம்மைப் பற்றித் தாமே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். "பிறந்தவர்" என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்து இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவரை அது உள்ளே கொண்டுவரும். வயதுக்கு உச்சவரம்பு வேண்டாம். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரைதான். தோட்ட வேலையில் ஓய்வு கிடைத்த பிறகே பேனா எடுப்பவருக்கு அந்தக் கதவு எப்போதோ மூடிவிடும்.

"அச்சேறாத" என்பதற்கு விளக்கம் எழுதாமல் விட்டால் முடிவு வந்த மறுநாளே சண்டை வரும். அனுப்பும் பிரதியில் கால் பங்கு வரை இதழிலோ இணையத்திலோ வந்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று எண்ணாகவே போடுங்கள். முகநூலும் இணையம்தான். கிண்டிலில் விலைக்குப் போட்டிருந்தால் அது நூல். செயலிகளில் தொடராக ஏற்றியிருந்தால் அந்தத் தளத்துக்கு ஏதாவது உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். எழுதியவருக்கே அது நினைவில்லாமல் இருக்கும். "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தியதோடு சரி.

எட்டாவது வாசகர்

வாசிப்புக் கணக்கை நான் சொல்றேங்க. 80 பேரின் முழுப் பிரதியையும் முதல் சுற்றில் கேட்காதீங்க. முதல் 30 பக்கம், கூடவே ஒரு பக்கக் கதைச் சுருக்கம், அவ்வளவு போதும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் படிச்சா 80 × 30 × 2 = 4,800 பக்கம். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 600. ஆறு வாரத்துல வாரம் 100 பக்கம், வேலைக்குப் போறவங்களாலும் முடியும். இதில் தேறும் 12 பேரிடம் மட்டும் முழுப் பிரதி கேளுங்க. "முழுசா எழுதி முடிச்சிருக்கணும்" என்பதை அறிவிப்பிலேயே போட்டிருக்கணும். இல்லைன்னா 30 பக்கத்தோட நிற்கும் நாவல்கள் நிறைய வரும்.

மதிப்பெண்ணைக் கூட்டி வகுத்துப் பார்த்து மேலே இருக்கிற 12-ஐ எடுத்துக்கிட்டா வம்பு. ஒருத்தர் 9, ஒருத்தர் 3 போட்ட பிரதி சராசரியில் 6. ரெண்டு பேரும் சும்மா 6 போட்ட பிரதியும் 6. பல சமயம் முதலாவதுதான் புத்தகம். பத்துக்கு மூணுக்கு மேல வித்தியாசம் வந்தா மூன்றாவது ஆள் படிக்கணும். அதோட, மதிப்பெண் எதுவா இருந்தாலும் ஒவ்வொரு வாசகரும் ஒரே ஒரு பிரதியைப் பிடிவாதமா அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம்னு விதி வையுங்க.

பெயர் மறைக்கிற வேலையில்தான் எல்லாரும் சறுக்குவாங்க. வாசிக்காத ஒருத்தர் கையில மட்டும் பெயர்ப் பட்டியல் இருக்கணும். பிரதிக்கு நீ-01, நீ-02 என்று எண். முதல் பக்கத்துப் பெயரை எடுத்துட்டு, தலைப்பட்டையில் இருக்கும் பெயரை விட்டுடுவாங்க. சமர்ப்பணப் பக்கத்துல அப்பா பேர் ஊர் பேரோட இருக்கும். வேர்டு கோப்பின் விவரங்களைத் திறந்தா ஆசிரியர் பெயர் அப்படியே கிடக்கும். அதையும் அழிச்சுட்டு புதுசா பி.டி.எஃப். போட்டு அனுப்புங்க.

இவ்வளவு செஞ்சாலும் இது சின்ன மாவட்டம். எப்பநாடு, பொக்காபுரம்னு ஊர் பேர் வந்தாலே யார் எழுதியிருப்பாங்கன்னு ஊகிச்சிடலாம். அதனால கடைசிச் சுற்று நடுவர் மூணு பேரும் மாவட்டத்துக்கு வெளியே இருந்து வரணும். முதல் சுற்றில் "இது எனக்குத் தெரிஞ்சவர் எழுத்து"ன்னு தோணினா உடனே பிரதியைத் திருப்பிக் கொடுக்கணும்.

தேதி: இங்கே வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர்ல மழை, கரண்டு போனா நாள் கணக்கு. அக்டோபர், நவம்பர்ல குன்னூர், கோத்தகிரிப் பாதையில் மண் சரிவு. ஏப்ரல், மே ஊட்டி சீசன், லாட்ஜ்லயும் கடையிலயும் வேலை பார்க்கிறவங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. ஜனவரி, பிப்ரவரியில் பனி விழுந்து கொழுந்து குறையும், கொஞ்சம் கை ஓயும். நவம்பர் 1 அறிவிப்பு, பிரதி வந்து சேர பிப்ரவரி கடைசி நாள் கெடுன்னு வையுங்க. தபால்ல வர்றதுக்கு அஞ்சல் முத்திரைத் தேதிதான் கணக்கு.

பிழைதிருத்தி

மொழி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பரிசு நிற்பதும் விழுவதும் அங்கேதான் என்பது என் கருத்து.

தமிழில் வரும் பிரதிகளிலிருந்தே தொடங்குகிறேன். தோட்டத்து எழுத்தில் இப்படி ஒரு வரி வரும்: "பெரட்டுக்குப் போய்ப் பேர் குடுத்துட்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினோம். கவ்வாத்து முடிஞ்ச செடி, கால்ல குத்தும்." செம்மையாக்கம் என்ற பெயரில் அது இப்படித் திரும்பி வரும்: "காலை வருகைப் பதிவுக்குச் சென்று பெயரைப் பதிவு செய்துவிட்டு ஏழாம் எண் தேயிலைப் பகுதிக்குச் சென்றோம். கிளைகள் வெட்டப்பட்ட செடிகள் காலில் குத்தும்." எழுத்துப் பிழை ஒன்றுமில்லை, ஆனால் ஆள் செத்துவிட்டான். பெரட்டு என்றால் வருகைப் பதிவு மட்டுமா? விடிகாலைக் குளிரில் நிற்பது, யாருக்கு எந்த மலை என்று பிரிப்பது, தாமதமானவளைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தோட்டத்தார் பேச்சில் "மலை" என்பது நம்பர் போட்ட தேயிலைக்காடு, சிகரம் அல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த குடும்பங்கள் மூட்டையோடு கொண்டுவந்த சொற்கள் இவை. இவற்றைக் காப்பாற்றாத செம்மையாக்கம் இந்தப் பரிசுக்கு எதற்கு?

ஆகவே செம்மையாக்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் வையுங்கள். மூன்று சுற்று. முதல் சுற்றில் கட்டமைப்பு மட்டும்: எந்த அத்தியாயம் நீளம், யாருடைய குரல் நடுவில் தொலைகிறது. இரண்டாவதில் வாக்கியம். மூன்றாவதில் எழுத்துப் பிழை, ஒற்று. வட்டாரச் சொல் எதையும் மாற்றக் கூடாது, ஐயம் இருந்தால் ஓரத்தில் கேள்வியாக எழுத வேண்டும், கடைசிச் சொல் எழுத்தாளருடையது. அச்சில் அந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் அடைக்கவும் வேண்டாம். அடைத்த உடனே அது காட்சிப் பொருளாகிவிடும்.

இனிப் பிற மொழிகள். நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்களின் பேச்சும் படுக மொழியும் தமிழ் எழுத்தில் எழுதப்படும்போது ஒரே சிக்கல் வராது. படுக மொழிக்குப் பெரிய தடை ஒலிப்பு வேறுபாடு. சொல்லின் முதலில் நிற்கும் க, ப, த எழுத்துகளை அழுத்தி ஒலிப்பதா மென்மையாக ஒலிப்பதா என்று தமிழ் எழுத்து சொல்லாது. ஹகரம் இன்னொன்று. ஊரைக் குறிக்கும் சொல்லை ஹட்டி என்று எழுதுவதா, தும்மனட்டியில் வருவது போல அட்டி என்று விடுவதா? சுலோகப் புத்தகங்களில் போல எழுத்தின் தோளில் 2, 3 என்று எண் போடலாம்தான், ஆனால் நாவல் முழுக்கப் போட்டால் கண் வலிக்கும். எழுத்தாளர் தமக்கு வந்த முறையில் எழுதட்டும், ஆனால் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே முறை. கூடவே இருபது முப்பது சொற்களுக்கு ஓர் எழுத்துப் பட்டியல் தரச் சொல்லுங்கள். எண் குறிப்பு அந்தப் பட்டியலில் மட்டும் போதும். தோட மொழியின் உரசொலிகளுக்கும் ரகரங்களுக்கும் தமிழ் எழுத்து போதவே போதாது. அங்கே மூலத்தோடு தமிழாக்கமும் ஒலிப்பதிவும் சேர்த்து வாங்குவதுதான் வழி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்த மொழியை அறிவிப்பில் போடுகிறீர்களோ, அந்த மொழி பேசி வளர்ந்த வாசகர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு அந்த மொழியை அறிவிக்காதீர்கள். படிக்க ஆளில்லாமல் அழைப்பது அவமதிப்பு.

தொழில்நுட்பக் குறிப்பு: டி.டி.பி. கடையில் அடித்து வரும் பிரதிகள் பழைய எழுத்துருவில் இருந்தால் உங்கள் கணினியில் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குவியலாகவோ தெரியும். யூனிகோடில் அனுப்பச் சொல்லுங்கள், கூடவே பி.டி.எஃப். வாங்குங்கள். மாற்றியில் போட்டு மாற்றினால் ஒகர ஓகாரமும் ஸ்ரீ, க்ஷ போன்றவையும் உடையும், ஒரு முறை கண்ணால் ஒப்பிட்டே ஆக வேண்டும். போனில் குரலால் தட்டச்சு செய்தவற்றில் முற்றுப்புள்ளியே இருக்காது. அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

மலைவாசகர்

மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இன்னும் மூன்று ஐயங்கள். குழுவில் ஒருவர், கலந்துகொள்பவர்கள் எல்லோரிடமும் வெளியீட்டு உரிமையை எழுதி வாங்கிவிடலாம் என்கிறார். கனடாவில் இருக்கும் ஒருவர் நன்கொடை தர முன்வந்திருக்கிறார், வாங்கலாமா? பாட்டிமார் சொன்ன கதைகளைத் தொகுத்து அனுப்பினால் அது யாருடைய படைப்பு?

பத்திரம்

உரிமை: வேண்டாம், கூடவே கூடாது. அனுப்பியதாலேயே எந்த உரிமையும் கைமாறாது என்று விதியின் முதல் வரியிலேயே போடுங்கள். வென்றவரோடு மட்டும் தனி ஒப்பந்தம். அதில் அச்சு நூல், தமிழ், இந்தியா, 3 ஆண்டு என்று நான்கையும் எழுதுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆவது பிரிவுப்படி காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதி. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா எல்லாம் எழுத்தாளரிடமே இருக்கட்டும். விலையில் 10 சதவீதம் உரிமைத்தொகை, 25 பிரதிகள் இலவசம். பரிசுப் பணத்தை இதில் கழிக்கக் கூடாது.

கனடா: அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால் 2010-இன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். மனம் கோணாமல் மறுத்துவிடுங்கள். பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்காதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம், பிறகு சங்கத்தின் பெயரில் பான், வங்கிக் கணக்கு.

பாட்டி கதைகள்: கதை அந்தச் சமூகத்துடையது, தொகுத்து எழுதிய வடிவம் தொகுத்தவருடையது. சொன்னவர் பெயர், ஊர், சொன்ன ஆண்டு, அவர் சம்மதம் நான்கும் பிரதியோடு வர வேண்டும். எழுத்தில் சம்மதம் தர முடியாதவர் குரலில் சொல்லிப் பதிவு செய்தால் போதும். சடங்கில் மட்டும் பாட வேண்டிய பாட்டு என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் அதை விட்டுவிட வேண்டும். சட்டம் அனுமதிக்கிறதா என்ற வாதம் அங்கே செல்லாது.

ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசம். தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். அட்டை முடிவாவதற்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். நூல் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவது 1954 சட்டப்படி பதிப்பாளர் கடமை.

கேத்திப் பள்ளத்தாக்கு

எட்டாவது வாசகர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கடைசி நடுவர் மூவரும் வெளியாட்களாக இருந்தால், பிழைதிருத்தி பயப்படுகிற அதே சமவெளிக் காதுதான் முடிவு செய்யும். இரண்டு பேர் வெளியே, ஒருவர் இந்த மலையின் மொழி தெரிந்தவர் என்று வையுங்கள்.

எட்டாவது வாசகர்

சரிதாங்க. அந்த ஒருத்தருக்குத் தெரிஞ்சவர் குறும்பட்டியல்ல வந்தா அந்தப் பிரதிக்கு மட்டும் அவர் விலகிக்கணும், மாற்று நடுவர் பேரை முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கோங்க.

குன்னூர் பாசஞ்சர்

உங்கள் பரிசு வர ஓராண்டு ஆகும். அதற்குள் எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு இந்தியக் குடியுரிமை உள்ள 18 வயது நிரம்பிய யாரும், தமிழிலேயே எழுதி அனுப்பலாம். கட்டணம் இல்லை. அச்சேறாத கதை, 2,000 முதல் 5,000 சொற்கள், ஒருவருக்கு ஒரு கதை, இணையப் படிவம் வழியாக மட்டும். கதைக் கோப்பில் பெயர் இருக்கக் கூடாது. வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்தில் திறந்து நவம்பர் 1-இல் மூடுவார்கள், ஆனாலும் அந்தந்த ஆண்டின் விதியைப் படித்துவிடுங்கள். 2020-இலும் 2024-இலும் ஒட்டுமொத்தப் பரிசு இந்தியாவுக்குத்தான் வந்தது, இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழ்க் கதைகள் இங்கிருந்து நிறையப் போக வேண்டும்.

நூலாக்கத்துக்குத் தமிழ் வளர்ச்சித் துறையும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் நிதியுதவித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. குறும்பட்டியலில் வந்து பரிசு கிடைக்காத பிரதிகளை அங்கே அனுப்ப உதவுங்கள். விண்ணப்பம் நிரப்ப ஒருவர் கூட இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மலைவாசகர்

கடைசியாக ஒன்று. எழுதத் தெரியாத, ஆனால் அருமையாகக் கதை சொல்லும் பணிய, காட்டுநாயக்கப் பெண்கள் பந்தலூர்ப் பக்கம் இருக்கிறார்கள் என்று இரண்டு பேர் தனிச் செய்தியில் எழுதியிருக்கிறார்கள். ஒலிப்பதிவையே பிரதியாக ஏற்கலாமா?

பிழைதிருத்தி

ஏற்கலாம், ஆனால் தனிப் பிரிவாக. எழுத்தோடு ஒரே தட்டில் நிறுக்க முடியாது. முதல் சுற்றுக்கு 20 நிமிடம். போனை மேசை மேல் வைக்காமல், மடித்த துணி மேல், சொல்பவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தகரக் கூரையின் கீழே மழை நேரத்தில் பதிவு செய்தால் ஒன்றும் கேட்காது. பதிவின் தொடக்கத்தில் பெயர் சொல்லக் கூடாது, அதைத் தனித் துணுக்காக அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கும், கோப்பாக இணைக்க வேண்டும். எழுத்தாக்குபவர் அதே மொழிக்காரராக இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரம் பிடிக்கும், அந்தக் கூலியைத் தட்டச்சுக்கு ஒதுக்கிய 15,000-இலிருந்து எடுங்கள். நூல் வந்தால் அட்டையில் சொன்னவர் பெயர், உள்ளே எழுத்தாக்கியவர் பெயர். இதை மாற்றிப் போடாதீர்கள்.